ஓட்டைக் குடங்களின் பின்னே வந்த ஆறு

நாரையாறு படுக்கையை விட்டு எழுந்து போன வருஷத்தில் வடகரைக்கும் தென்கரைக்கும் மூன்று மாதமாகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. சண்டைக்கான காரணத்தைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும், ஆற்றங்கரை ஊரான ஈரத்துறைக்காரர்களுக்கு மட்டும் வராது, ஏனென்றால் அவர்கள் வீட்டுக் கதவுகளைப் பெயர்த்துக்கொண்டு போனது அந்தக் காரணம்தான். செத்துப்போன பழைய ஜமீன்தாருக்கு வடகரை அரண்மனையில் ஒரு மனைவி, தென்கரை அரண்மனையில் ஒரு மனைவி; இருவரும் ஒரே நாளில், ஒரே பொழுதில், ஆளுக்கொரு ஆண்பிள்ளையைப் பெற்றார்கள்; ஒரு வாய் வெற்றிலையை மென்று துப்புகிற நேரம் முன்னே பின்னே இருந்திருக்கலாம். தன் கையில் விழுந்த பிள்ளைதான் முந்தியது என்று வடகரை மருத்துவச்சி சாதித்தாள், தென்கரை மருத்துவச்சியும் சாதித்தாள். நாற்பது வருஷம் கழித்து, இரண்டு பிள்ளைகளுக்கும் தொப்பை விழுந்து தலை வழுக்கையான பிறகு, அந்த ஒரு வாய் வெற்றிலை நேரத்துக்காக ஆற்றில் பீரங்கியை இறக்கினார்கள். இருவருமே தன்னை மூத்தவர் என்று சொல்லிக்கொண்டதால் ஜனங்கள் ஒருவரை வடகரை மூத்தவர் என்றும் மற்றவரைத் தென்கரை மூத்தவர் என்றும் சொன்னார்கள். இளையவர் என்று ஒருவரும் அந்தக் குடும்பத்தில் இல்லை.

படையெடுப்பு என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வடகரைக் கப்பல் ஆற்றோடு இறங்கிவந்து ஒவ்வொரு துறையாகப் பிடிக்கும். பிடிப்பது என்றால், துணி துவைக்கிற கல்லில் கொடியை நட்டு, குளித்துக்கொண்டிருந்தவர்களைத் தலை துவட்டக்கூட விடாமல் வாழ்க சொல்லவைத்து, கண்ணில் பட்ட கோழியையும் ஆட்டையும் ஏற்றிக்கொண்டு போவது. இரண்டு நாள் கழித்துத் தென்கரைக் கப்பல் பின்னாலேயே வந்து, அந்தக் கொடியைப் பிடுங்கித் தன் கொடியை நட்டு, அதே ஆட்களை அதே ஈரத்தலையோடு வாழ்க சொல்லவைத்து, மிச்சமிருந்த கோழியை ஏற்றிக்கொண்டு போகும். முதலாவதற்கு வெற்றி என்றும் இரண்டாவதற்கு விடுதலை என்றும் பெயர் வைத்திருந்தார்கள். கோழிகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கப்பல் என்று அவர்கள் சொன்னதும் கப்பல் இல்லை. இரண்டு நெல் தோணிகளை ஒட்டிச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை பாவி, பாய்மரம் நட்டு, இரண்டு பக்கமும் நாலு நாலு பீரங்கிகளைப் பூட்டி, குண்டு துளைக்காமலிருக்க விளிம்பு நெடுக வழியிலுள்ள ஊர்களின் வீட்டுக் கதவுகளை ஆணியடித்து நிறுத்தியிருந்தார்கள். வடகரைக் கப்பலின் இடது பக்கத்தில் மூன்றாவதாக நின்றது ஈரத்துறைப் பேராச்சி வீட்டுக் கதவு. மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த தடம் இன்னும் அதில் போகவில்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் துடுப்புப் போட உட்காரவைத்திருந்தது அவள் புருஷன் மாடக்கண்ணுவை.

ஈரத்துறைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோணிக்காரர்கள். இரண்டு கரைக்கும் ஆளை ஏற்றி இறக்குகிறவர்கள் என்பதால் இரண்டு மூத்தவர்களும் அந்த ஊரைத் தன் ஊர் என்றார்கள், வீட்டுக்கு ஓர் ஆள் என்று இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு போனார்கள். பேராச்சி வீட்டில் வடகரைக்கு மாடக்கண்ணு போனான், தென்கரைக்கு அவள் தம்பி உச்சிமாகாளி போனான். தாய் தகப்பன் போன பிறகு அக்காள் வீட்டிலேயே வளர்ந்தவன் உச்சிமாகாளி. இருபத்திரண்டு வயதில் நல்ல தேகம், களங்கமில்லாத மனசு, சொன்னதைச் சொன்னபடி செய்கிற குணம். ஒருமுறை மாடக்கண்ணு, நான் வருகிறவரை துடுப்பைப் பிடித்துக்கொண்டு இங்கேயே இரு என்று சொல்லிவிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போய் மறந்துபோனான். கொட்டுகிற மழையில் ஒரு பகலும் ஓர் இரவும் துடுப்பைப் பிடித்தபடி கரையிலேயே இருந்தான் தம்பி. ஊரே சொல்லிச் சிரித்தது. பேராச்சி சிரிக்கவில்லை, அவனைத் தலை துவட்டிக் கஞ்சி கொடுத்துப் படுக்கவைத்துவிட்டு, புருஷனிடம் இரண்டு நாள் பேசாமலிருந்தாள்.

பிடித்துக்கொண்டு போனவர்களை யாரும் சங்கிலி போட்டுக் கட்டவில்லை. அதற்குத் தேவையே இருக்கவில்லை, ஈரத்துறையில் தண்ணீர்ச் சத்தியம் என்று ஒன்று உண்டு. தோணி கிளம்புவதற்கு முன்னால் ஆற்றுத் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளிக் குடித்து, "தண்ணி தாங்குத வரைக்கும் தோணிய விட மாட்டேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் சொன்னதுதான். தண்ணீர் தாங்கிக்கொண்டிருக்கும்போது தோணியை விட்டு இறங்கினவன் கையில் ஊரில் ஒருவரும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். ஒருவன் சத்தியத்தை இன்னொருவன் கலைத்தால் கலைத்தவனுக்கும் அதே கதிதான். பயணம் முடிந்து திரும்புகிறவன் முதல் கை தண்ணீரை அள்ளித் தன் பெண்சாதிக்குக் கொடுப்பான், அவள் குடித்தால் சத்தியம் முடிந்தது. நெல்லையும் மனிதரையும் பத்திரமாகக் கரை சேர்ப்பதற்காக ஏற்பட்ட இந்த வழக்கத்தை இரண்டு கப்பலையும் நடத்திய தளவாய்களும் கேள்விப்பட்டு, சங்கிலி வாங்குகிற வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டு, ஆளுக்கு நாற்பது பேரைத் துறையில் நிறுத்திச் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். தென்கரைத் தளவாய் அழகப்பன் அதற்கு முன் அரண்மனை யானையைக் குளிப்பாட்டுகிறவர்களை மேற்பார்வை பார்த்தவன். தண்ணீரோடு அவனுக்கிருந்த பழக்கம் அவ்வளவுதான், நீச்சல்கூடத் தெரியாது.

இரண்டு கப்பலும் ஈரத்துறைக்கு நேரே ஒன்றையொன்று எதிர்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். முதல் சுற்றில் வடகரைக் குண்டு துறைக் கல்லை உடைத்தது. இரண்டாம் சுற்றில் தென்கரைக் குண்டு வைக்கோல் போர் ஒன்றைக் கொளுத்தியது. மூன்றாம் சுற்றில் இரண்டு குண்டும் ஆற்றுக்குள் விழுந்தன, அப்போது நாரையாறு எழுந்தது. தொட்டியில் தண்ணீர் குடிக்கிற பசுவைப் பிள்ளைகள் கல்லால் அடித்துக்கொண்டே இருந்தால் அது எப்படி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு நகருமோ அப்படி, தன் தண்ணீரையெல்லாம் சேர்த்துக்கொண்டு, மீன்களையும் நண்டுகளையும் நாணல் வேர்களையும் வாரிக்கொண்டு, கரையேறி, புளியந்தோப்பைச் சுற்றிக்கொண்டு போய், ஊருக்குக் கிழக்கே ஒரு மைல் தள்ளியிருந்த தரிசில் படுத்துக்கொண்டது. மேலேயிருந்து வருகிற தண்ணீரும் வழி விசாரித்துக்கொண்டு அங்கேயே போய்ச் சேர்ந்தது. இரண்டு கப்பலும் வெறும் மணலில் முகத்துக்கு முகம் பார்த்தபடி, நடுவில் ஐம்பது அடி விட்டு, குந்தி உட்கார்ந்தன.

ஊரில் இதைப் பற்றி அதிகம் பேச்சில்லை, பேச நேரமில்லை. சலவைக்காரர்கள் அன்று சாயங்காலமே துவைகல்லை வண்டியில் ஏற்றிக் கிழக்கே கொண்டுபோனார்கள். சாமியை நீராட்டக் கொண்டுபோகிற தூரம் கூடிவிட்டதென்று பூசாரி கால்வலியைப் பற்றி எல்லோரிடமும் முறையிட்டார், சாமிக்கு மட்டும் வலிக்கவில்லையா என்று பெண்கள் கேட்டார்கள். ஆறு கிழக்கே போனதால் மேலத்தெரு வீடுகளில் பெண் கொடுக்கத் தயங்கினார்கள், தண்ணீர் சுமந்து பிள்ளைக்கு இடுப்பு ஒடியும் என்று. கீழத்தெருவில் வயசு போய் நின்ற இரண்டு மூன்று மாப்பிள்ளைகளுக்கு மளமளவென்று இடம் அமைந்தது. ஆற்றுப் படுகையில் ஈரம் காய்வதற்கு முன்னால் வெள்ளரி விதையை ஊன்றினார்கள். கொடி ஓடிப் பந்தல் தேடியபோது பக்கத்தில் கப்பல்தான் இருந்தது, அதில் ஏறிப் பீரங்கி வாயைச் சுற்றிக்கொண்டு பூத்தது. வெடித்துக் கொல்ல வந்தவர்கள் குனிந்து பிஞ்சு பறித்துத் தின்றார்கள்.

கப்பல்கள் உட்கார்ந்த வாக்கில் பீரங்கிகள் கரைகளைப் பார்த்து நின்றன, எதிரியைப் பார்த்து ஒன்றுகூட நிற்கவில்லை. இறங்கிப் போய் வாளால் வெட்டிக்கொள்ளலாமே என்றால் அதற்கும் வழியில்லை, இது ஆற்றுப்போர், முதலில் கப்பலை விட்டு இறங்குகிறவன் புறமுதுகிட்டவன் என்று இரண்டு தளவாய்களும் முழங்கிவிட்டார்கள். ஆகவே இருவரும் அவரவர் மூத்தவருக்கு வெற்றி என்று ஓலை அனுப்பினார்கள், இரண்டு அரண்மனையிலும் வாணம் விட்டார்கள்.

மறுநாள் காலையில் தோணிக்காரர்கள் துடுப்பை உள்ளே இழுத்து வைத்தார்கள். தண்ணீர் தாங்கவில்லை, சத்தியம் முடிந்தது, வீட்டுக்குப் போகிறோம் என்று ஒரு காலைத் தூக்கி வெளியே போட்டார்கள். பேராச்சி அன்று அடுப்பில் இரண்டு ஆளுக்குச் சேர்த்து உலை வைத்திருந்தாள். ஆனால் அழகப்பன், பிறந்ததிலிருந்து ஒரு யோசனையும் உதிக்காத மண்டையில் அன்றைக்கென்று ஒரு யோசனை உதித்து, கரையில் நின்ற சிப்பாய்களைக் கூப்பிட்டு, ஊர்ப் பெண்களைக் குடத்தோடு விரட்டிக்கொண்டுவரச் சொல்லி, கிழக்கேயிருந்து ஆற்றுத் தண்ணீரைச் சுமந்துவந்து கப்பலின் அடியில் ஊற்றவைத்தான். நூறு குடம். அடிமரத்தைச் சுற்றிக் கன்றுக்குட்டி மூத்திரம் பெய்ததுபோல ஒரு சேறு கட்டியது. தாங்குகிறதா இல்லையா, குனிந்து பார் என்றான். நாற்பது பேரும் குனிந்து பார்த்தார்கள். அடியில் தண்ணீர் இருந்தது, மேலே கப்பல் இருந்தது. வெளியே போட்ட காலை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். மத்தியானத்துக்குள் வடகரைத் தளவாயும் அதே யோசனையைத் திருடிக்கொண்டான், பெண்கள் அங்கேயும் நூறு குடம் சுமந்தார்கள்.

இப்படியாக ஈரத்துறைப் பெண்கள், தங்கள் புருஷன்மாரையும் அண்ணன் தம்பிமாரையும் கட்டிவைக்கிற தண்ணீரைத் தாங்களே தினமும் ஒரு மைல் சுமந்து ஊற்றினார்கள். வெயிலில் மத்தியானத்துக்குள் காய்ந்துபோகும், மறுபடி ஊற்ற வேண்டும். பேராச்சி முதல் வாரம் புருஷனுக்காகப் பரிதாபப்பட்டாள், இரண்டாம் வாரம் கோபப்பட்டாள், மூன்றாம் வாரம் குடத்தைக் கவிழ்க்கிற சாக்கில் தன் வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் ஓட்டையில் வாயை வைத்து, இறங்கி வாங்க என்று கெஞ்சிப் பார்த்தாள். உள்ளேயிருந்து மாடக்கண்ணுவின் குரல் வந்தது.

"ஈரம் இருக்குல்லாட்டி. ஈரம் இருக்கையில எப்படி இறங்குவேன்? நாளைக்கு என் கையில எவன் தண்ணி வாங்குவான்?"

"ஈரம் நான் ஊத்துனது. நேத்து என் பாவாடையும்தான் நனைஞ்சுது, அது ஒங்களத் தாங்குதா?"

அந்த ஓட்டை வழியாக அவள் எத்தனையோ நாள் வாசலில் வந்து நிற்கிறவனை எட்டிப் பார்த்துக் கதவு திறந்திருக்கிறாள். இப்போது அதே ஓட்டை வழியாகப் பார்த்தபோது, புருஷன் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. கட்டிப்போடப்பட்டவன் முகத்தில் பெருமை இருப்பதைப் பார்த்ததும் அவள் ஓட்டையிலிருந்து முகத்தை எடுத்துக்கொண்டாள். தென்கரைக் கப்பலுக்குப் போய்த் தம்பியைக் கேட்டாள், அவன் பெருமையெல்லாம் படவில்லை, கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது, வீட்டுக்கு வரணும்போலத்தான் இருக்குக்கா, ஆனா சொல்லிட்டேனே என்றான்.

ஒரு மாதம் இப்படியே போனது. இரண்டு மூத்தவர்களுக்கும் வாணம் விட்டு அலுத்துவிட்டது, வெற்றி வெற்றி என்கிறாயே எதிரிக் கப்பல் எங்கே என்று கேட்டு ஆள் அனுப்பினார்கள். தளவாய்களுக்கு வியர்த்தது. இருவரும் தச்சர்களை வரவழைத்து, கப்பலின் முன்பக்கத்தில், இரண்டு தோணிகளின் நெற்றியிலும், வீட்டு வாசல் அகலத்துக்கு அடிவரை அறுத்துத் திறந்து, பக்கத்திலிருந்த பீரங்கிகளைக் கழற்றி அந்தத் திறப்பில் எதிரியைப் பார்த்து நிறுத்த ஏற்பாடு செய்தார்கள். எட்டு நாள் வேலை. ஒன்பதாம் நாள் உச்சிப்பொழுதில், ஐம்பது அடி தூரத்தில், இரண்டு பக்கமும் எட்டு எட்டுப் பீரங்கி ஒரே நேரத்தில் வெடிக்கும், மூத்தவர்கள் வந்து பார்ப்பார்கள் என்று தண்டோரா போட்டார்கள். ஐம்பது அடியில் குருடன் சுட்டாலும் தப்பாது. எண்பது தோணிக்காரர்களில் ஒருவனும் மிஞ்ச மாட்டான் என்பது அறுத்த தச்சர்களுக்குத் தெரிந்தது, தண்ணீர் சுமந்த பெண்களுக்குத் தெரிந்தது; துடுப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எண்பது பேருக்கும் தெரிந்தது, ஆனால் அவர்கள் அடியிலிருந்த ஈரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தண்டோரா போட்ட அன்று பேராச்சி குடத்தை இறக்கி வைத்துவிட்டு, தச்சர்கள் அறுக்கத் தொடங்கியிருந்த முன்பக்கத்தையே வெகுநேரம் பார்த்தாள். தோணிக்காரன் மகள், தோணிக்காரன் பெண்சாதி, அவளுக்கு அந்தத் திறப்பு என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தடியர்கள் தங்கள் கப்பலின் வாயைத் தாங்களே பிளந்துகொண்டிருக்கிறார்கள். இனி ஆறு திரும்பி வந்தால் எந்தத் தண்ணீரும் இவற்றைத் தாங்காது. தண்ணீர் தாங்காவிட்டால் சத்தியம் முடிந்தது, இந்த மடையர்கள் அவர்கள் சொன்ன சொல்படியே இறங்கிவிடலாம். ஆக, ஆற்றை ஒன்பது நாளைக்குள் கூட்டிக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

அதில் மலைப்பதற்கு அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. கோபித்துக்கொண்டு போன பசுவை அவள் ஏற்கெனவே ஒருமுறை கூட்டிவந்திருக்கிறாள். கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்து ஊர்க் காட்டில் போய் நின்றதை, அடிக்காமல் இழுக்காமல், பருத்திக்கொட்டை ஊறின தண்ணீரை வழியெல்லாம் சொட்டவிட்டுக்கொண்டு முன்னால் நடந்து, தொழுவம் வரை கொண்டுவந்து சேர்த்தாள். ஆறும் கோபித்துக்கொண்டு போனதுதானே. அதன் தண்ணீரின் ருசி அதற்குத் தெரியாதா? அன்று சாயங்காலம் ஒரு ஆணியை எடுத்துத் தன் மண்குடத்தின் அடியில் ஓர் ஓட்டை போட்டாள், மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரி போட்டாள், மூன்றாம் நாள் ஊரில் ஓட்டையில்லாத குடம் ஒன்றும் இல்லை.

தரிசிலிருந்து கப்பல் வரை ஒரு மைல், நூறு பெண்கள், நூறு குடம், நூறு சொட்டு நூல். ஒருத்தி கால் வைத்த இடத்தில் அடுத்தவள் கால் வைத்து, ஒருத்தி சொட்டின இடத்தில் அடுத்தவள் சொட்டி, வரிசை மாறாமல் நடந்தார்கள். கப்பலுக்கு வரும்போது குடத்தில் பாதிதான் இருக்கும். சிப்பாய்கள் அதட்டினார்கள். அழகப்பன் எட்டிப் பார்த்துவிட்டு, பாதிக் குடமா, சோம்பேறி முண்டைகள், ஒரு நடைக்கு மூன்று நடையாக நடக்கட்டும் என்று உத்தரவு போட்டான். பெண்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூன்று நடை நடந்தார்கள். வடகரைத் தளவாய் அதைப் பார்த்துவிட்டு நாலு நடை என்றான். ஓட்டைக் குடத்துக்காரிகள் தாங்களாகக் கேட்டிருந்தாலும் இவ்வளவு கிடைத்திருக்காது.

நாலாம் நாள் அந்த வழியில் விரலளவு பள்ளம் விழுந்தது, ஐந்தாம் நாள் அதில் புல் முளைத்தது. ஆறாம் நாள் ஆறு தலையைத் தூக்கியது. சலவைக்காரர்கள் காலையில் போனபோது துவைகல் பாதி வெளியே தெரிந்தது, அவர்கள் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டு, கல்லை மறுபடி வண்டியில் ஏற்றினார்கள். எட்டாம் நாள் அது புளியந்தோப்பைத் தாண்டி வழியை முகர்ந்துகொண்டு கிடந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. பூசாரிகூடக் கால்வலியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் இரண்டு கரையிலும் பந்தல் போட்டு, வடகரை மூத்தவர் வடக்கேயும் தென்கரை மூத்தவர் தெற்கேயும் உட்கார்ந்து, விசிறிக் காற்றில் இளநீர் குடித்தார்கள். ஒரே தொப்பை, ஒரே வழுக்கை. பந்தல் மாற்றி உட்காரவைத்திருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. வெடி வைக்க நல்ல நேரம் குறித்துக் கொடுத்ததும் இருவருக்கும் ஒரே ஜோசியர்தான். திரியைக் கொளுத்தச் சொல்லித் தளவாய்கள் கையைத் தூக்கினார்கள். அந்தச் சமயம் பேராச்சி தன் குடத்தில் கடைசியாக இருந்த தண்ணீரைப் படுகையின் விளிம்பில் ஊற்றி, குடத்தைத் தரையில் போட்டு உடைத்தாள், பின்னால் நாரையாறு வந்தது.

அடித்துக்கொண்டு வரவில்லை. தன் இடத்துக்கு வருகிறவர்கள் வருவதைப் போல, கிழக்கேயிருந்து இறங்கி, வெள்ளரிக் கொடிகளை நனைத்து, கப்பல்களின் பிளந்த வாய்க்குள் நுழைந்து, திரிகளை அணைத்து, பீரங்கிகளைக் கவிழ்த்து, தன் பழைய படுக்கையில் சரியாகப் பழைய மட்டத்துக்குப் படுத்தது. இரண்டு கப்பலும் ஒரு மூச்சு நேரம் தடுமாறி, முன்பக்கமாகக் குப்புறச் சாய்ந்து இறங்கின. தாங்கலடா, தண்ணி தாங்கல என்று தோணிக்காரர்கள் கத்தினார்கள், அந்தக் கத்தலில் இருந்த சந்தோஷம் கரை வரை கேட்டது. சத்தியம் சுத்தமாக முடிந்துவிட்டது என்று ஒவ்வொருவனாகக் குதித்து நீந்திக் கரையேறினான். பேராச்சி இடுப்பளவு தண்ணீரில் நின்று வருகிற முகங்களைப் பார்த்தாள். மாடக்கண்ணு வந்தான். தம்பி வரவில்லை.

தென்கரைக் கப்பல் மூழ்கிவிட்டது, பாய்மரம் மட்டும் இரண்டு ஆள் உயரத்துக்கு வெளியே நின்றது. அதைக் கட்டிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் உச்சிமாகாளி இருந்தான், நீச்சல் தெரியாத தளவாய் அழகப்பன் அவன் தோளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். பாய்மரம் தோணியைச் சேர்ந்ததா இல்லையா, அது இன்னும் தண்ணீரில் நிற்கிறதா இல்லையா, அப்படியானால் சத்தியம் எப்படி முடியும் என்று தளவாய் அவன் காதில் ஓதிக்கொண்டிருந்தான். விட்டு வா என்று பேராச்சி தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

"அக்கா, மரம் இன்னும் நிக்குதேக்கா."

அவள் நீந்தப் பார்த்தாள், வந்து படுத்த வேகத்தில் ஆறு அவளைத் திருப்பித் திருப்பிக் கரையில் தள்ளியது. புருஷனிடம் ஓடினாள். மாடக்கண்ணு ஊரிலேயே நல்ல நீச்சல்காரன், அங்கே போய்த் திரும்ப அவனுக்கு ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம் போதும். அவன் தலைமுடியைப் பிழிந்துகொண்டு, தன் சத்தியம் ஒரு நூல் பிசகாமல் முடிந்த கதையை நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். போய் இழுத்து வாங்க என்று அவள் அவன் கையைப் பிடித்தாள்.

"என் தோணி முங்கிட்டு, என் சத்தியம் முடிஞ்சுட்டு. அவன் சத்தியத்த நான் கலைக்கப்படாதுட்டி. அவனா விட்டா வரட்டும்."

அந்த நாலு பேரும் தலையை ஆட்டினார்கள். கரையேறின எண்பதுக்கு ஒன்று குறைந்த பேரில் ஒருவனும் தண்ணீரில் இறங்கவில்லை. பேராச்சி மறுபடியும் தானே இறங்கினாள், மறுபடியும் ஆறு கொண்டுவந்து போட்டது. அடியில் மணல் கரைந்து மரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க இறங்க, அழகப்பன் உச்சிமாகாளியின் தோளில் பூட்ஸ் காலை ஊன்றி ஏறி நின்றான். உச்சிமாகாளியின் வாய்க்கு மேல் தண்ணீர் வந்தது, பிறகு கண்ணுக்கு மேல், பிறகு தலைமுடி மட்டும் பாசிபோல அலைந்தது. மேலே நின்ற தளவாய்க்கு முழங்காலுக்குக்கூடத் தண்ணீர் வரவில்லை. தென்கரை மூத்தவர் பந்தலிலிருந்து அனுப்பிய ஆட்கள் பரிசல் கொண்டுபோய், தளவாயைப் பத்திரமாக இறக்கிக்கொண்டு வந்தார்கள். கப்பல் முழுகியும் கடைசிவரை கொடிமரத்தை விடாத வீரன் என்று அன்றே ஒரு தங்கப் பதக்கம் குத்தினார்கள். வடகரை மூத்தவர் எதிரிக் கப்பலை மூழ்கடித்ததற்காக வாணம் விட்டார், தென்கரை மூத்தவரும் அதற்காகவே விட்டார், பகல் வெயிலில் இரண்டு வாணமும் கண்ணுக்குத் தெரியவில்லை.

உச்சிமாகாளியை வெளியே எடுத்தபோது அவன் கைகள் மரத்தைக் கட்டியபடியே விறைத்திருந்தன. இரண்டு தோளிலும் பூட்ஸ் தடம் நீலமாகப் பதிந்திருந்தது. பேராச்சி அதைத் தன் முந்தானையால் துடைத்தாள், போகவில்லை, எண்ணெய் தேய்த்தாள், போகவில்லை, அப்படியே கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

அடக்கம் முடிந்து துறைக்குக் குளிக்க வந்த இடத்தில், ஊர் கூடி நிற்க, மாடக்கண்ணு முழங்கால் தண்ணீரில் இறங்கி முதல் கை தண்ணீரை அள்ளினான். வழக்கம் வழக்கம்தானே, அவள் குடித்தால்தான் அவன் சத்தியம் நிறைவாகும். சொட்டாமல் கையைக் குவித்துப் பெண்சாதியின் வாய்க்கு நேரே நீட்டினான், ஈரமான முகத்தில் அதே பெருமை இருந்தது. பேராச்சி அந்தத் தண்ணீரைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஒங்க சத்தியம் ஒரு சொட்டு சிந்தாம வந்துருக்குல்லா. அதையே குடிச்சுக்கிடுங்க."

சொல்லிவிட்டு அவனைத் தாண்டிப் போனாள். துறையில் உடைந்த கல்லருகே கப்பலிலிருந்து பிரிந்து மிதந்து வந்த கதவுகள் ஒதுங்கிக் கிடந்தன, அவற்றில் மஞ்சள் தடத்தைப் பார்த்துத் தன் கதவை அடையாளம் கண்டு, ஒருத்தரையும் கை கொடுக்க விடாமல் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். நூறு பெண்கள் பின்னால் நடந்தார்கள். ஆண்கள் துறையிலேயே நின்றார்கள், மாடக்கண்ணுவின் கையிலிருந்த தண்ணீர் விரலிடுக்கில் சொட்டித் தீர்ந்தது.

ஒன்றரை மாதமாகக் கதவில்லாமல் கிடந்த வாசலில் அவள் அதை நிமிர்த்தி, கதவுக் குடுமியை நிலைக்குழியில் மாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் வந்து தாழ்ப்பாள் ஓட்டையில் வாயை வைத்து, நான் என்ன தப்புப் பண்ணினேன் சொல்லுட்டி என்று கேட்டான். அவள் முந்தானையில் ஒரு துண்டைக் கிழித்துச் சுருட்டி அந்த ஓட்டையை அடைத்தாள். தண்ணீரில் ஊறிப் பருத்திருந்த கதவு நிலைக்குள் இறுக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டது, தாழ்ப்பாள் போட வேண்டியிருக்கவில்லை.